அலமேலுவின் புளிக்கல்

ஜீப்பில் கிளம்பும்போது நாங்கள் நான்கு பேர். ஓட்டுகிற சம்பத், நர்ஸ் தேவகி அக்கா, வேடியப்பன், நான். வரவேண்டியவர்களில் வராதவர்கள் இரண்டு பேர். வேடியப்பனின் மனைவி அலமேலு, அவர்களுடைய நான்கு வயது மகள் சந்தியா. போவது ஜவ்வாது மலையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குத்தான். ஆனால் அவர்கள் இருவரும் வேலூருக்குப் பக்கத்தில் கண்ணமங்கலத்தில், அலமேலுவின் அக்கா வீட்டில் தங்கியிருந்தார்கள்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தியாவுக்கு ஒரு வருடமாக வயிற்றுவலி. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் சிலவற்றை மறந்துபோனாள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், பூசாரி கயிறு கட்டினார். கடைசியில் வேலூருக்குக் கொண்டுவந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அதில் காரீயம். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளை ஈயம் அல்ல. வண்டி பேட்டரிக்குள் இருக்கும் கனமான சாம்பல்நிற ஈயம். மனித உடம்பில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. குழந்தையின் உடம்பில் துளி இருந்தாலும் கெடுதல். மருத்துவர் நம்பாமல் இரண்டாம் முறையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதே அளவு.

"மருந்து குடுத்து எறக்கிடலாம்மா. ஆனா அது எங்கேருந்து உள்ள போச்சுன்னு தெரியாம வீட்டுக்கு அனுப்புனா திரும்ப ஏறிடும்" என்றார் மருத்துவர்.

அலமேலு யோசிக்கவே இல்லை. "அப்ப கண்டுபுடிச்சிட்டு வாங்க. நான் புள்ளையோட இங்கியே கீறேன்" என்றார். அப்படிச் சொல்லிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மலையில் புளி பருவம். அந்த வீட்டின் ஒரு வருடக் கைக்காசு அந்த இரண்டு மாதத்தில்தான் வரும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. அதில் கருவியைச் சுமப்பதும், அதை வைத்து அளப்பதும், படிவம் நிரப்புவதும் நான். பெயர் குமரேசன். படவேட்டுக்குப் பக்கத்தில் ஊர். அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், என் வேலையை அவர்களுக்கு விளக்குவது எனக்கு இன்னும் கைவரவில்லை. "வெசம் தேடற வேலை" என்று அப்பா ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். ஜவ்வாது மலையை எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லையிலிருந்து பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஏறியதில்லை. எங்களுக்கு அது மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்க மட்டும் பயன்பட்ட மலை.

புதூர்நாட்டுக்கு மலை ஏறும் பாதையில் ஜீப் என்பது தனிப்பட்டவருக்கானது அல்ல என்று அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். நாங்கள்தான் வாடகைக்குப் பிடித்திருந்தோம். ஆனாலும் கை காட்டிய இடத்திலெல்லாம் சம்பத் நிறுத்தினார். பாதி மலை ஏறுவதற்குள் பதினொரு பேர், ஒரு சிமெண்ட் மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி என் மடியில். கருவிப்பெட்டி தேவகி அக்கா மடியில்.

ஒரு வளைவில் எதிரே பஸ் வர, சம்பத் ஒதுக்கி நிறுத்தினார். பஸ் போனபின் ஜீப் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். எல்லோரும் இறங்கினோம். எங்கள் ஊரில் வண்டி நின்றால் தள்ளுவார்கள். இங்கே மேட்டில் எப்படித் தள்ளுவது? சம்பத் ஜீப்பைப் பின்பக்கமாக உருளவிட்டு, ரிவர்ஸ் கியரில் சடாரென்று கிளட்சை விட்டார். ஜீப் இருமிக்கொண்டு உயிர் பிழைத்தது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி உருண்ட அந்த மனிதர், மேலே வந்ததும் பீடி பற்ற வைத்தார்.

"பேட்டரி செத்துப்போச்சு. இது உனக்குத்தான் மாமா" என்றார் வேடியப்பனிடம்.

"வூட்டாண்ட வந்து கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார் வேடியப்பன்.

"இந்த தபா யாருக்கு?"

"மூணு வூட்ல கேட்டுனு கீறாங்க."

இந்தப் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது. என் பையில் இருந்த படிவத்தில் பதினான்காவது கேள்வி, 'வீட்டுக்கு அருகில் பேட்டரி பட்டறை உள்ளதா?' போனிலேயே விசாரித்து 'இல்லை' என்று குறித்துவிட்டேன். பட்டறையைத் தேடுகிறவனுக்குப் பேட்டரி கண்ணில் படவில்லை. தவிர, ஆட்டுக்குட்டி என் சட்டைப் பொத்தானைத் தின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மண் சுவர், மேலே தகரம், முற்றத்தில் ஒரு சருகு கிடையாது. வேடியப்பன் கைகால் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். பெண்டாட்டி ஊரில் இல்லாத ஆண்கள் பக்கத்து வீட்டில் தட்டு ஏந்துவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர் அரை மணி நேரத்தில் சாமைச் சோறும், அவரைக்கொட்டை போட்ட புளிக்குழம்பும் வைத்துவிட்டார். சாமை வாயில் கரைந்தது. குழம்பு புளித்தது, ஆனால் நாக்கைக் கடிக்கவில்லை, பின்னால் மெல்லிய இனிப்பு. மூன்று தட்டுச் சாப்பிட்டேன். தேவகி அக்கா ஒரு தட்டோடு நிறுத்தி என்னையே பார்த்தார்.

"ஊர்ல சோறு போடலையா தம்பி?"

"எங்க ஊர்க் கடைப் புளியில பாதி மண்ணுக்கா. கரைச்சா அடியில கல்லு நிக்கும். இது எப்படி இப்படி இருக்குது?"

வேடியப்பன் எழுந்துபோய் ஒரு மண்பானையைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். கொட்டை எடுத்த புளி, இதழ் இதழாக விரிந்து, பழுப்புத் தேன் நிறத்தில். பூப்புளி என்கிறார்கள். பெயர் பொருத்தம்தான். ஒரு கல், ஒரு நார், ஒரு ஓட்டுத் துணுக்கு இல்லை.

"எங்க வூட்டுக்காரி தட்டுனது. மண்டிக்காரரு எல்லாருக்கும் கிலோவுக்கு நூத்திருவது குடுத்தா, இவ புளிக்கு நூத்திமுப்பது. மூட்டைய பிரிச்சிக்கூட பாக்கமாட்டாரு." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. என் கருவி பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும். அதன் மூக்கை ஒரு பொருளின்மேல் வைத்து அரை நிமிடம் அழுத்தினால், அந்தப் பொருளில் எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் காட்டும். வெளியே எடுத்ததும் தெருவே கூடிவிட்டது.

"நாட்டுத் துப்பாக்கி புடிக்க வந்தவங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"துப்பாக்கி புடிக்கறவங்க துப்பாக்கியோடவா வருவாங்க" என்றார் இன்னொருவர்.

"சினிமாவுல வர்றாங்களே."

யாரும் தடுக்கவில்லை. நகரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்கு மூன்று அடையாள அட்டை வேண்டியிருக்கும். இங்கே வேடியப்பன் கதவைத் திறந்துவிட்டு, "எல்லாத்தியும் பாருங்க சாரு. எதியும் வுடாதீங்க" என்றார். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் தடை இருந்தது. வீட்டு மூலையில் தானியம் கொட்டும் தொம்பை நின்றது. மூங்கிலால் முடைந்து மண் பூசி, என் தோள் உயரம். நான்கு கற்கள்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான் குனிந்ததும் வேடியப்பன் கூச்சத்தோடு சொன்னார்: "வெளிய பாத்துக்கோங்க சாரு. அதுக்கு அடியில மட்டும் ஆம்பளைங்க கை வுடமாட்டோம். அது வூட்டுப் பொம்பளையோட எடம். நானே வுடறதில்ல."

நான் வெளிப்பக்கம் மட்டும் அளந்தேன். ஒருவர் தன் வீட்டையே திறந்து கொடுத்திருக்கும்போது, அவர் மூடி வைத்திருக்கும் ஒரு சாண் இடத்தைக் கேட்பது மரியாதையாகப் படவில்லை.

கதவின் பச்சைப் பெயிண்ட், அலுமினியக் குண்டான், மஞ்சள் தூள், குங்குமம், கண்மை, சந்தியாவின் பிளாஸ்டிக் வளையல், வாசல் மண், கிணற்றுத் தண்ணீர், நாட்டு மருந்து உருண்டை. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒன்றும் இல்லை. மதியம் களியும் கீரையும். அதன் பின் மறுபடி கரண்டி, அம்மி, விளக்கு, பாய். தெருக்காரர்கள் சலித்துப்போய்க் கலைந்துவிட்டார்கள். வேடியப்பன் மட்டும் ஒவ்வொரு முறையும் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது மற்றவர்கள் நிம்மதியடைவார்கள். இவர் முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கியது. எதுவும் இல்லாவிட்டால் மகள் வர முடியாது என்பதை அவர் எங்களைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்.

கடைசியாக மிச்சம் இருந்தது முந்தின நாள் பார்த்த புளிப்பானை. அழுத்தினேன். எண் ஏறியது. கருவி சூடாகிவிட்டதோ என்று அணைத்துப் போட்டேன். மறுபடியும் ஏறியது. பானையைக் காலி செய்து அளந்தேன். பானையில் இல்லை. புளியில் கலந்த உப்பில் இல்லை. புளியில் இருந்தது.

தேவகி அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். "மூணு தட்டு" என்றார்.

"ஒரு நாள் சாப்பாட்டுல ஒண்ணும் ஆகாதுக்கா."

"ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும் மூணு தட்டு."

மூன்றாம் நாள் புளியின் பின்னாலேயே போனோம். வீட்டுக்குப் பின்னால் அந்த மரம். மூன்று ஆள் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். வேடியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு, அணில் ஏறுவதுபோல் ஏறி, கிளையை உலுக்கினார். மேலே இருந்தபடி, "எந்தக் கெளை வேணும் சாரு?" என்று கேட்டார். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, உச்சியில் ஒன்று என்று நான் ஆய்வகக் கணக்கில் சொல்ல, அவர் முகம் சுளிக்காமல் மூன்றுக்கும் போய்வந்தார். பட்டை, ஓடு, பழம், அடிமண் எதிலும் இல்லை. புளி காயவைக்கும் பாயிலும் இல்லை.

வீட்டுக்குள் நான்கு மூட்டை புளி தயாராக இருந்தது. அலமேலு வேலூருக்குக் கிளம்பும் முன்பே தட்டி முடித்தது. மூட்டைக்கு முப்பத்தைந்து கிலோ. வெள்ளிக்கிழமை மண்டிக்குப் போகவேண்டியது. நான்கையும் அளந்தேன். நான்கிலும் இருந்தது.

அப்படியானால் பாய்க்கும் மூட்டைக்கும் நடுவில் என்னவோ நடக்கிறது. "நடுவுல இன்னா செய்வீங்க?" என்று தேவகி அக்கா கேட்டார்.

"தட்டுவாங்க. கொட்டைய எடுப்பாங்க. அவ்ளோதான்" என்றார் வேடியப்பன். "பாக்கணும்னா எங்க அண்ணி வூட்ல தட்டினு கீறாங்க, வாங்க."

அண்ணி மல்லிகா வீடு நான்காவது வீடு. நாலைந்து பெண்கள் ஆளுக்கொரு கருங்கல்லை முன்னால் போட்டு, குட்டை இரும்புக் கம்பியால் புளியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இடது கை புளியைத் திருப்பும், வலது கை தட்டும், கொட்டை தெறித்து ஓடும், மறுபடி இடது கை. விரலில் ஒரு அடி விழவில்லை. பேச்சும் நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் கல்லிலிருந்து மெல்லிய தூசி எழும்பியது. மல்லிகாவின் புளியை அளந்தேன். ஈயம் இல்லை. மண் மட்டும் இருந்தது.

"இன்னா சாரு, எங்க புளி பாஸா?"

"பாஸ்தாங்க. ஆனா கல்லு மண்ணு இருக்குது."

"இருக்காம? கருங்கல்லுல தட்டுனா கல்லு பேரத்தான் செய்யும். அதச் சொல்லித்தான் மண்டிக்காரன் பத்து ரூவா கழிக்கறான்." கம்பியை நிறுத்தி, கொழுந்தனைப் பார்த்து மோவாயை நீட்டினார். "அவ அலமேலுவுக்கு குடுத்து வெச்சிது. புருசன் பேட்டரி ஈயத்த உருக்கி கல்லு ஊத்திக் குடுத்தாரு. எங்கூட்டு ஆளு எனக்கு இன்னா ஊத்தறாரு? அவருக்கு ஊத்திக்கவே நேரம் பத்தல."

பெண்கள் சிரித்தார்கள். வேடியப்பனும் சிரித்தார், காது சிவக்க. தேவகி அக்காவும் நானும் சிரிக்கவில்லை.

"அந்தக் கல்லு எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"எங்க இருக்கும்? தொம்பைக்கு அடியில" என்றார் மல்லிகா. "வூட்டுக்காரி ஊருக்குப் போனா அவ சாமான அங்கதான வைப்பா."

மல்லிகாதான் வந்து குனிந்து கைவிட்டு அதை இழுத்தார். பழைய புடவைத் துணியில் சுற்றி, மேலே மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. தோசைக்கல் அகலம், மூன்று விரல் தடிமன். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகான பொருள். ஓரத்தைக் கை கிழிக்காமல் வேடியப்பன் வழித்து விட்டிருந்தார். நடுவில் புளி நழுவாமலிருக்க மெல்லிய பள்ளம். அலமேலு தட்டித் தட்டி அந்தப் பள்ளம் கண்ணாடிபோல் மின்னியது.

வேடியப்பன் அதைச் செய்த விதத்தை விளக்கினார். மருத்துவமனையில் 'லெட்' என்றே பேசியதால், அது இந்த ஈயம்தான் என்று இன்னும் அவருக்குப் புரியவில்லை. கேட்டோம், சொன்னார். போன வருடம் சம்பத் கொடுத்த இரண்டு செத்த பேட்டரிகளை தெருக்கோடியில் வைத்து உடைத்து, பழைய இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்கி, மண்ணில் குழி தோண்டி, சாம்பல் தூவி ஊற்றியிருக்கிறார். இரண்டு தடவை கோணிப்போய் மறுபடி உருக்கினாராம். "கருங்கல்லு பேரும். இரும்புன்னா கம்பி எகிறும், கை வலிக்கும். மரம் லேசு, ஆடும். இது கனம், மெத்துனு வாங்கிக்கும், பேராது. அவ மணிக்கட்டு வலின்னு சொல்லினேருந்தா." ஒரு பொறியியல் மாணவன் நான்கு வருடம் படித்துவிட்டுச் சொல்லும் காரணங்களை அவர் நான்கு வரியில் சொன்னார். அவர் கணக்கில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. புளியின் புளிப்பு ஈயத்தை அரித்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும் என்பது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கும் கல்லூரியில்தான் சொன்னார்கள்.

கருவியை வைத்தேன். அரை நிமிடம் தேவைப்படவில்லை.

சந்தியா எங்கே உட்காருவாள் என்று தேவகி அக்கா மெதுவாகக் கேட்டார். அம்மா பக்கத்திலேயே என்றார் மல்லிகா. தெறிக்கும் கொட்டைகளைப் பொறுக்கி விளையாடுவாள், கல்லில் ஒட்டிய புளியைச் சுரண்டி நக்குவாள், அவளுக்கு அது மிட்டாய் மாதிரி. மல்லிகா மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேடியப்பன் கல்லின் ஓரத்தில் கை வைத்தார். "இத நான்தான் ஊத்துனேன்" என்றார்.

"ஆமா, நீதான் ஊத்துன" என்றார் தேவகி அக்கா. அவருக்கு மழுப்பத் தெரியாது. "எதியும் வுடாதீங்கன்னு எங்கள வூட்டுக்குள்ள வுட்டதும் நீதான். கதவ சாத்தியிருந்தன்னா இது இன்னும் பத்து வருசம் கெடந்திருக்கும். எந்திரி. கைய சோப்புப் போட்டுக் கழுவு. அப்பால கைய நீட்டு, உன் ரத்தமும் எடுக்கணும்."

அவர் ரத்தம், மல்லிகா ரத்தம், தெருக் குழந்தைகள் ஒன்பது பேர் ரத்தம். அதன் பிறகுதான் ஜீப்பில் கேட்ட பேச்சு எனக்குத் திரும்ப வந்தது. மூணு வூட்ல கேட்டுனு கீறாங்க. சம்பத்தின் பேட்டரி வாசலில்தான் இருந்தது. வியாழக்கிழமை வேடியப்பன் அதை உருக்குவதாக இருந்தார். முன்பணம் மாதிரி ஒரு வீட்டிலிருந்து பலாக்காய்கூட வந்துவிட்டது.

புதன்கிழமை மாலை, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறினோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பாறை. அங்கே வரிசை வேறு. ஒருவர் சென்னையில் இருக்கும் தம்பியோடு மாட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் வேடியப்பன் எண்ணை அழுத்தி, போனைத் தேவகி அக்காவிடம் நீட்டினார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு தேவகி அக்கா கிடைத்த விஷயத்தைச் சொன்னார்.

அந்தப் பக்கம் குழந்தையின் குரல் கேட்டது. பிறகு அலமேலு: "கல்லா? அவரு ஊத்துன கல்லா?"

"ஆமாம்மா."

"அவரு கிட்ட குடுங்க." கொடுத்தோம். "இன்னாய்யா, அழுவறியா?"

"இல்ல."

"அழுவாத. எனக்கு கை வலிக்குதுன்னு சொல்லித்தான ஊத்துன. நானும் ஊர்பூராவும் சொல்லிப் பீத்தினேன். ரெண்டு பேருந்தான்." மறுபடி குழந்தையின் குரல். "நாலு மூட்டை கெடக்குதே, வித்துட்டியா?"

"வெள்ளிக்கெழம சந்தை."

"விக்காத."

என் மனசுக்குள் நான்கு மூட்டையும் மண்டியின் தராசில் ஏறி இறங்கின. அவர்களுடைய வருடம் அது.

"யோவ், கேக்குதா? நம்ம புள்ள எடத்துல வேற புள்ளைய வெச்சிப் பாரு. விக்காத."

"விக்கல" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டைகளை ஜீப்பில் ஏற்றினோம். மரத்தடியில் புதைத்துவிடலாம் என்றார் வேடியப்பன். புதைத்தால் மண்ணுக்குப் போகும், எரித்தால் காற்றுக்குப் போகும் என்பதால் கல்லையும் செத்த பேட்டரியையும் மூட்டைகளையும் வேலூருக்கு எடுத்துப்போய் முறையாக ஒப்படைப்பதாகச் சொன்னேன். உருக்கிய இடத்து மேல்மண்ணையும் வழித்து ஒரு சாக்கில் கட்டினோம். சம்பத்துக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, சொல்லாம குடுத்துட்டா எவனுக்குத் தெரியும்? புளியில எழுதியா ஒட்டிக் கீது?"

"எனக்குத் தெரியும்ல" என்றார் வேடியப்பன்.

"உனக்குத் தெரிஞ்சா நீ துன்னாத."

"வண்டிய ஓட்டுடா."

ஜீப் இறங்கியது. புது பேட்டரி வாங்கும்வரை இப்படித்தான் என்று சம்பத் எங்கேயும் என்ஜினை அணைக்கவில்லை. ஆள் ஏற்றும்போதுகூட ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. அடிவாரத்தில் புளி மண்டி. தாண்டிப் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். மண்டிக்காரர் வாசலில் நின்று கை காட்டினார். எழுபதை நெருங்கிய மனிதர், தோளில் துண்டு.

"நிறுத்து" என்றார் வேடியப்பன்.

"வா வேடி. அலமேலு புளிதானே? எறக்கு, எறக்கு. பிரிக்கவே வேணாம், நூத்திமுப்பது."

வேடியப்பன் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "எறக்கறதுக்கு வரலீங்க. இது கெட்டுப்போன புளி. போன வருசம் குடுத்தது எதாச்சும் கெடக்குதுங்களா? கெடந்தா எடுத்து வெச்சிருங்க. இந்த சாரு மிஷின் வெச்சிப் பாக்கணும்."

அந்த இடத்தில் நான் அதை எதிர்பார்க்கவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. என் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியும் கிடையாது. மண்டிக்காரர் முழுக் கதையையும் நின்றபடியே கேட்டார். இனிமேல் வேடியப்பனின் மூட்டையைப் பிரிக்காமல் வாங்க ஆள் இருக்காது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"வித்ததெல்லாம் எங்கெங்கயோ போயிருச்சே" என்றார் கடைசியில். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்க வூட்டுக்குன்னு ஒரு மூட்டை எடுத்து வெச்சேன். உன் புளின்னு."

கடைக்குப் பின்னால்தான் வீடு. மூட்டையில் இருபது கிலோ மிச்சம் இருந்தது. அளந்தேன். இருந்தது. மண்டிக்காரர் உள்ளே பார்த்து, "ரசத்தக் கீழ ஊத்து" என்று மூன்றே வார்த்தையில் உத்தரவு போட்டார். பிறகு தேவகி அக்காவிடம் பேத்தியைக் கூட்டிவந்து கையை நீட்டச் சொன்னார். வாங்கிப்போனவர்களில் நினைவில் இருக்கும் கடைக்காரர்களின் பெயர்களை எனக்குச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பதினொரு பெயர். அதற்குமேல் போனது எந்தக் குழம்பில் கரைந்தது என்று எங்கள் ஜீப்பால் தேட முடியாது.

வேடியப்பன் அந்த இருபது கிலோவையும் தூக்கி ஜீப்பில் போட்டார். "நீங்க குடுத்த வெலைய அடுத்த வருசத்துல கழிச்சிக்கோங்க" என்றார்.

"அடுத்த வருசமும் என்கிட்டதான் வருவியா?" என்றார் மண்டிக்காரர்.

"பிரிச்சிப் பாத்து வாங்குங்க."

"பிரிக்கத்தான் போறேன்" என்றார் அவர். ஆனால் அதைச் சொல்லும்போது வேடியப்பனின் கையைப் பிடித்திருந்தார்.

அங்கிருந்து நூறடி தள்ளி ஒரு கறிக்கடை. புளியமரத்தின் நடுக்கட்டையில்தான் கறி வெட்டுவார்கள். எவ்வளவு வெட்டினாலும் சிலாம்பு எழும்பாத மரம் அது ஒன்றுதான். வேடியப்பன் அதைப் பார்த்து ஜீப்பை மறுபடி நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கி, முட்டியால் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், ஆட்டிப் பார்த்தார். "பலகையா போட்டாத்தான் ஆடும். இவ்ளோ கனம் இருந்தா ஆடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். புளியைப் புளிமரத்தின் மேலேயே தட்டலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது அவருக்குத்தான். எனக்கு இல்லை. கடைக்காரரிடம் புதுக்கட்டை ஒன்று இருந்தது. அது அன்று மாலையே மலை ஏறியது.

அலமேலுவும் சந்தியாவும் அதற்கு ஐந்து வாரம் கழித்து ஏறினார்கள். ரத்தத்தில் அளவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. இன்னும் இறங்க வேண்டும். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மறந்துபோன வார்த்தைகள் எத்தனை திரும்பும் என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. தெருக் குழந்தைகளில் இரண்டு பேருக்கும் வேடியப்பனுக்கும் கொஞ்சம் இருந்தது. மூன்று வீட்டுக் கல்லும் ஊற்றப்படாமலே போனது. பலாக்காயைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்களாம்.

எங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'குடும்பத்துக்கு ஆன செலவு' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக பஸ் கட்டணம் எழுதுவோம். நான் போனில் கேட்டபோது அலமேலுதான் கணக்குச் சொன்னார், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், சிக்னல் பாறைக்குக் கீழே யாரோ மரக்கட்டையில் புளி தட்டும் சத்தத்தோடு. விற்காத புளி நூற்று நாற்பது கிலோ, நூற்று முப்பது வீதம் பதினெட்டாயிரத்து இருநூறு. மண்டிக்காரரிடம் திரும்ப வாங்கிய இருபது கிலோ, போன வருட விலை நூற்றுப்பத்து வீதம் இரண்டாயிரத்து இருநூறு. புளியங்கட்டை நானூற்று ஐம்பது. அதை மேலே ஏற்றியதற்கு சம்பத் ஜீப் வாடகை வாங்கவில்லை. ஆக மொத்தம் இருபதாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.